பார்க்காமல் இட்ட கையொப்பம்

2025 ஜனவரி 3 அன்று விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து மழலையர் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். தொட்டியை மூடியிருந்த இரும்புத் தகடு துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது; குழந்தையின் எடையைக்கூட அது தாங்கவில்லை. நான்கு மாதங்கள் முடிவதற்குள், ஏப்ரல் இறுதியில், மதுரையில் ஒரு தனியார் மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு குழந்தை மூழ்கி இறந்தது. இரண்டு இடங்களிலும் நடக்க வேண்டியவை வரிசையாக நடந்தன. நிர்வாகிகள் கைதானார்கள், இரங்கல் செய்திகள் வந்தன, எல்லாப் பள்ளிகளையும் உடனே ஆய்வு செய்யும்படி உத்தரவுகள் பறந்தன. சில வாரங்களில் எல்லாம் அடங்கியது.

அந்த உத்தரவுகளின் வாசகத்தை நாம் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு குழந்தை இறந்த பிறகு எல்லாப் பள்ளிகளையும் ஆய்வு செய்யச் சொன்னால், அதற்கு முன் ஆய்வு நடக்கவில்லை என்று பொருள். அல்லது, நடந்ததாக எழுதி வைத்தது பொய் என்று பொருள். இவற்றுள் எது உண்மை என்று சொல்லும் கடமை பள்ளிக் கல்வித் துறைக்கு உண்டு. இன்றுவரை அது சொல்லவில்லை.

சட்டத்தின் கண்ணில் தமிழ்நாட்டில் கவனிக்கப்படாத தனியார் பள்ளி என்று ஒன்று இருக்கவே முடியாது. கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் இல்லாமல் அங்கீகாரம் கிடையாது. அந்த அங்கீகாரமும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், அதன் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும் விதிக்கிறது. 2018ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், அதன் கீழ் 2023இல் நடைமுறைக்கு வந்த விதிகள், தனியார் பள்ளிகளுக்கென்றே தனி இயக்ககம், மாவட்டந்தோறும் அதற்கென ஒரு கல்வி அலுவலர் என ஏட்டில் எதற்கும் குறைவில்லை. ஒவ்வொரு சான்றின் அடியிலும் ஓர் அலுவலரின் கையொப்பம் இருக்கிறது. துருப்பிடித்த தகட்டின் அருகே போய் நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இந்தப் பிணி புதிதல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் 94 குழந்தைகள் வெந்து மடிந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. மேல்மாடி வகுப்பறைகளுக்குக் கூரை கீற்று. சத்துணவுக் கூடத்திலிருந்து கிளம்பிய நெருப்பு அந்தக் கூரையைப் பிடித்தது. கீற்றுக் கொட்டகையை யாரும் ஒளித்து வைக்கவில்லை. தெருவில் போகிறவர் கண்ணுக்கே அது தெரிந்தது. கல்வி, வருவாய், நகராட்சி என எல்லாத் துறைகளின் எல்லைக்குள்ளும்தான் அது நின்றது. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. தஞ்சை நீதிமன்றம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 ஜூலை 30 அன்று, பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பதினொரு பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனருக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2017இல் உயர் நீதிமன்றம் அவர் அதுவரை சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. தண்டனை பெற்றவர்களில் பலரும் விடுதலையானார்கள். சாட்சியத்தை எடை போட்டு நீதிமன்றம் சொன்ன முடிவை நாம் இங்கே மறுவிசாரணை செய்யவில்லை. ஆனால் பொறுப்பு என்ற கேள்வி குற்றவியல் நீதிமன்றத்தோடு முடிவதில்லை. 94 பிள்ளைகள் இறந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகு, சான்றுக்குக் கையொப்பமிட்டவர்களின் பொறுப்பை வரையறுக்கும் தெளிவான நிர்வாக ஏற்பாடு ஒன்றை இந்த மாநிலம் உருவாக்கியிருக்க வேண்டும். கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவிட்டார்கள், அகற்றவும் செய்தார்கள். கூரைக்குக் கீழே இருந்த பழக்கத்தைத் தொடவில்லை.

அந்தத் தீ விபத்தைத் தொடர்ந்து எழுந்த பொதுநல வழக்கில்தான், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே பாதுகாப்பற்ற பள்ளியில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குழந்தையும் அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை ஒன்றை இழந்து அமர்ந்திருக்கிறது. கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளை என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது.

இந்த இடத்தில்தான் ‘தற்காலிக அங்கீகாரம்’ என்ற நடைமுறையை நாம் நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு அமைத்த சிட்டிபாபு குழுவின் பரிந்துரையையொட்டிப் பள்ளிகளுக்கு வகுத்த நில வரையறை ஒன்று உண்டு: மாநகராட்சியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் ஒரு ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர். பிள்ளைகள் ஓடியாட இடம், தீப்பற்றினால் வண்டி நுழைய வழி, மரத்தடி நிழல் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு அது. இதை நிறைவு செய்யாத 746 பள்ளிகளுக்கு 2016 மே 31 வரை தற்காலிக அங்கீகாரம் வழங்கியது அரசு. உயர் நீதிமன்றத்தில் அது கேள்விக்குள்ளானது. அதற்குப் பிறகும் நீட்டிப்புகள் நின்றபாடில்லை. அனுமதியின்றி 2011 ஜனவரி 1க்கு முன் கட்டிய கல்வி நிறுவனக் கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கும் இதே கதை. விண்ணப்பிக்கும் கெடு வரும், போகும், மறுபடி நீளும்.

நீட்டிப்புக்குக் காட்டும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: மாணவர் நலன். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நட்டாற்றில் விட முடியாது என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஓராண்டுக்கு அது நியாயமும்கூட. ஆனால் அதே தற்காலிகப் பள்ளி அடுத்த ஜூனில் எல்.கே.ஜி.க்குப் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கிறதே, அதை ஏன் அரசு தடுக்கவில்லை? இருக்கும் மாணவர்கள் முடித்துச் செல்லட்டும், புதிய சேர்க்கை கூடாது என்று ஒரே ஒரு வரி உத்தரவில் இருந்திருந்தால் பல பள்ளிகள் நிலம் தேடியிருக்கும். தேட முடியாதவை சில ஆண்டுகளில் ஓசையின்றி மூடியிருக்கும். அந்த வரியை எழுத மனம் வராத அரசுகள், சேர்ந்த பிள்ளைகளையே கேடயமாக நிறுத்தி விதிமீறலைக் காத்தன. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது என்பதால் இதில் வேறுபாடு இல்லை. இது தவறு, நிர்வாகத் தவறு என்ற அளவோடு நில்லாமல், அறத்திலும் தவறு.

ஆய்வு நாள் எப்படி இருக்கும் என்பதைத் தனியார் பள்ளி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார். வருகிற நாள் முன்பே தெரியும். தாழ்வாரத்தில் சிவப்பு வாளிகளுக்குப் புது வண்ணம் பூசி மணல் நிரப்புவார்கள். தீயணைப்பான்களில் தொங்கும் அட்டையில் தேதியை மட்டும் மாற்றுவதும் உண்டு. அதை எப்படி இயக்குவது என்று கேட்டால் காவலாளியும் அறியார், முதல்வரும் அறியார். கழிப்பறையில் அன்று பிளீச்சிங் பவுடர் வாசம் வீசும், குழாயில் தண்ணீர் வரும். ஆசிரியர் பதிவேட்டில் பி.எட். பட்டத்தோடு இருக்கும் பெயருக்கும் வகுப்பில் நிற்கும் முகத்துக்கும் சில பள்ளிகளில் தொடர்பே இராது. வங்கிக் கணக்கில் போடும் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியரிடம், ஆய்வாளர் வந்தால் உண்மையைச் சொல் என்று யார் சொல்ல முடியும்? மதியச் சாப்பாட்டோடு ஆய்வு நிறைவடைகிறது. அங்கீகாரத்தைப் புதுப்பித்துத் தர லஞ்சம் வாங்கிக் கல்வி அலுவலர்கள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் பிடிபடும் செய்தி நாளிதழ் வாசகருக்குப் புதிதல்ல.

எல்லா ஆய்வாளர்களும் அப்படிப்பட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கல்வி அலுவலரின் தலையில் நூற்றுக்கணக்கான பள்ளிகளும், அவற்றோடு தேர்வுப் பணி, நீதிமன்ற வழக்குகள், அமைச்சர் வருகை ஏற்பாடுகளும் விழுகின்றன. கட்டடத்தின் உறுதியை மதிப்பிட அவர் பொறியாளரும் அல்லர். ஆனால் பார்க்க நேரமில்லாதவர், பார்த்தேன் என்று எழுதக் கூடாது. நேரமில்லை என்று எழுதி மேலே அனுப்பும் துணிவை ஒரு துறை தன் அலுவலர்களுக்குத் தரவில்லையென்றால் குற்றம் மேலே ஏறுகிறது, கீழேயே நின்றுவிடுவதில்லை.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று இருந்தது. அதுவும் அண்மையில் வாங்கியது. ஓட்டையின் மேல் இருந்த பலகையை ஒருவர் காலால் தட்டிப் பார்த்திருந்தால் போதும். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டதால், அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் பிறந்தன. இப்போது ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் மாவட்டம் மாவட்டமாகப் பேருந்துகளை ஆயுதப்படை மைதானங்களில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறையினர் சேர்ந்து பார்க்கிறார்கள். அவசரக் கதவு, படிக்கட்டு உயரம், முதலுதவிப் பெட்டி எல்லாம் பலர் முன்னிலையில் சோதனைக்கு உள்ளாகின்றன. தேறாதவை திரும்பிப் போகின்றன. குறைகள் இதிலும் உண்டு. ஆயினும் நாலு பேர் பார்க்க, வெட்டவெளியில் நடக்கும் சோதனைக்கும், மூடிய அறையில் ஒருவர் இடும் கையொப்பத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகத் தெரிகிறது. வண்டிகளுக்குச் செய்ததைக் கட்டடங்களுக்கு ஏன் செய்யவில்லை?

உயிர்ப் பாதுகாப்பு அடிப்படை. அதைத் தாண்டிய ஒரு கேள்வி, பள்ளியின் தரம். இங்கே நமது முறை இன்னும் வெறுமையாக இருக்கிறது. வகுப்பறையின் நீள அகலத்தைக் கேட்கும் அங்கீகாரப் படிவங்கள், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே ஆசிரியர் எண்ணிக்கை, வேலை நாள்கள், கழிப்பறை, விளையாட்டிடம், நூலகம் என்று பெரும்பாலும் எண்ணக்கூடியவற்றோடு நின்றுவிடுகிறது. எண்ண முடியாததை யார் பார்ப்பது?

பதினொன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். பல தனியார் பள்ளிகள் அந்த ஆண்டின் பாடங்களை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தன. மதிப்பெண் குவிந்தது, கல்லூரியின் முதலாண்டில் அடிப்படை தெரியாமல் பிள்ளைகள் திணறினார்கள். நாடே அறிந்த இந்த ஏமாற்றை எந்த ஆய்வாளரும் அறிக்கையில் எழுதி ஒரு பள்ளியின் அங்கீகாரத்தை நிறுத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆய்வால் தடுக்க முடியாததைத் தேர்வால் தடுக்க முயன்ற அரசு 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. சில ஆயிரம் பள்ளிகள் செய்த மோசடிக்காக லட்சக்கணக்கான பிள்ளைகள் தொடர்ந்து மூன்றாண்டு பொதுத்தேர்வு எழுதினார்கள். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தத் தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறைந்ததை வரவேற்கிறோம். பழைய வழக்கம் திரும்பாமல் காக்க என்ன ஏற்பாடு என்று கேட்டால், பதில் மீண்டும் அதே ஆய்வாளரிடம்தான் போய் நிற்கிறது.

இந்த வெற்றிடத்தைப் பள்ளிகள் தாங்களே வேறு வகையில் நிரப்பிக்கொள்கின்றன. நுழைவாயிலில் ‘ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்றது’ என்று பொன்னெழுத்தில் பலகை. அந்தத் தரநிலையை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு எவருக்கும் சான்று வழங்குவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு வழங்குபவை வேறு நிறுவனங்கள். அந்தச் சான்றும் நிர்வாக நடைமுறைகளைப் பற்றியதே. உங்கள் மகளுக்குப் பின்னக் கணக்கு புரிகிறதா என்று அது பார்ப்பதில்லை. சர்வதேசப் பள்ளி என்ற பெயரும் அப்படியே. பெயரில் சேர்த்த சொல்லுக்கு எந்த அமைப்பிடம் இணைப்பு இருக்கிறது என்று கேட்கும் பெற்றோர் குறைவு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2024 ஆகஸ்டில் வெளிவந்த கொடுமையை இதோடு சேர்த்தே வைக்க வேண்டும். தனியார் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடந்தது. மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். சீருடை போட்டு வந்தவர்களிடம் உரிய ஆவணம் இருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் உறுதிசெய்துகொள்ள முடியும். வந்தவர் யார் என்று விசாரிக்காமல் வாயிற்கதவைத் திறக்கும் நிர்வாகமும், போகாத பள்ளிக்குச் சான்று எழுதும் அலுவலரும் ஒரே பண்பாட்டின் பிள்ளைகள்.

நிர்வாகங்களின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் அங்கீகாரப் பிரிவு அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை சான்று, அரசுப் பள்ளியின் கழிப்பறையை யார் பார்க்கிறார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், அதன் பிறகு பழுதடைந்த அரசுப் பள்ளிக் கட்டடங்களை மாநிலமெங்கும் இடிக்க வேண்டி வந்ததும் அந்தக் கேள்விக்கு வலுச் சேர்க்கின்றன. ஆம், அரசுப் பள்ளிக்கும் அதே அளவுகோல் வேண்டும். ஆனால், பக்கத்து வீட்டில் தூய்மையில்லை என்பது நம் வீட்டுக் குப்பைக்கு விலக்கு ஆகாது. நான்கு சான்றுக்கு நான்கு அலுவலகம் ஏற வேண்டியிருப்பதையும், ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் காலாவதியாவதையும் அரசு ஒரே சாளரத்தில் முடித்துத் தரட்டும். அதைக் கேட்கும் உரிமை நிர்வாகங்களுக்கு இருக்கிறது. சான்றே வேண்டாம் என்று கேட்கும் உரிமை இல்லை.

பள்ளிகளை நடத்துவதும், அவற்றுக்கு விதி எழுதுவதும், விதி மீறினால் தண்டிப்பதும் ஒரே துறையின் கையில் இருப்பது சிக்கலின் வேர்களில் ஒன்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாநிலந்தோறும் பள்ளித் தரங்களுக்கெனத் தனி ஆணையம் வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு எதிர்ப்பதற்கு மொழி உள்ளிட்ட வலுவான காரணங்கள் உள்ளன. ஆனால் துறையின் பிடியில் இல்லாத ஆய்வு அமைப்பு ஒன்றை உருவாக்க டெல்லியின் கொள்கை தேவையில்லை. சட்டமன்றம் நினைத்தால் போதும். அதே வேளையில், அந்தக் கொள்கை முன்வைக்கும் சுய அறிவிப்பு முறையை நாம் ஐயத்தோடுதான் பார்க்கிறோம். தன்னைத் தானே மதிப்பிட்டு இணையத்தில் பதிவேற்றும் ஏற்பாடு சி.பி.எஸ்.இ.யில் இருக்கிறது. அந்த வாரியம் 2024இல் முன்னறிவிப்பின்றி ஆய்வு நடத்தியபோது, பயிற்சி மையத்துக்குப் போகும் மாணவர்களைப் பெயருக்கு வைத்துக்கொண்டிருந்த ‘டம்மி’ பள்ளிகள் அகப்பட்டன. மார்ச்சில் 20 பள்ளிகளும் நவம்பரில் 21 பள்ளிகளும் இணைப்பை இழந்தன. பதிவேற்றிய படிவங்களால் வெளிவராதது, சொல்லாமல் போய்க் கதவைத் தட்டியதும் வெளிவந்தது.

இங்கிலாந்தில் தனியார் பள்ளிகளின் ஆய்வறிக்கை முழுவதும் பொதுவெளியில் கிடைக்கிறது; எந்தப் பெற்றோரும் படிக்கலாம். ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் மதிப்பிட்ட பழக்கத்தை அங்கேயே 2024இல் அரசுப் பள்ளிகளுக்குக் கைவிட்டார்கள். அது ஆசிரியர்களை நசுக்கியதே தவிர உண்மையைச் சொல்லவில்லை. ஆகவே நட்சத்திரக் குறியீடோ தரவரிசையோ நாம் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை 2017இல் நிறுத்தியபோது கிடைத்த நிம்மதியை மறுபடி கெடுக்கத் தேவையில்லை. அறிக்கையை அப்படியே வெளியிட்டால் போதும்.

பெற்றோரையும் இங்கே விட்டுவிட முடியாது. சேர்க்கைக்கு விடிகாலையில் வரிசையில் நிற்பவர்கள், கட்டணம் எவ்வளவு, பேருந்து வருமா, தேர்ச்சி எத்தனை விழுக்காடு என்று கேட்கிறார்கள். அங்கீகார ஆணையின் நகலைக் காட்டுங்கள் என்று கேட்பவர் அரிது. கேட்டால் பிள்ளைக்கு இடம் கிடைக்காதோ என்ற அச்சத்தை நாம் அறிவோம். அதனால்தான் கேட்காமலேயே தெரியும்படி செய்வது அரசின் வேலையாகிறது.

செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. தமிழ்நாட்டின் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் நான்கு சான்றுகளின் நிலை, அவை முடிவடையும் நாள், கடைசியாக ஆய்வு நடந்த நாள், ஆய்வறிக்கையின் முழு வாசகம், ஆய்வு செய்தவரின் பெயரும் பதவியும் ஆகியவற்றை அடுத்த சேர்க்கை தொடங்குமுன் இணையத்தில் வெளியிட வேண்டும். பள்ளி வாயிலிலும் அதை ஒட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் முன்னறிவிப்பின்றி ஆய்வு நடக்க வேண்டும்; அதில் ஒரு பொறியாளரும், அந்த வட்டாரத்தோடு தொடர்பில்லாத ஓர் ஆசிரியரும் இடம்பெற வேண்டும். தற்காலிக அங்கீகாரத்தில் இயங்கும் பள்ளிகள் எவை, எத்தனை ஆண்டுகளாக என்ற பட்டியல் உடனே வர வேண்டும். அவற்றுக்குப் புதிய சேர்க்கை கூடாது. விபத்து நேர்ந்த பள்ளிக்குக் கடைசிச் சான்றில் கையொப்பமிட்ட அலுவலரையும், நிர்வாகியை விசாரிக்கும் அதே நாளில், அதே அறையில் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.